பக்கம் கிடைத்துவிட்டது

இந்த மாநிலத்தில் ஏரி சாகலாம், பள்ளிக்கூடம் சாகலாம், பத்திரிகை சாகலாம். லிங்க் மட்டும் சாகக் கூடாது. அதற்குச் சட்டமே இருக்கிறது. சட்டம் வந்து ஆறு வருடமாகிறது. அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில்தான் நான் சம்பளம் வாங்குகிறேன் என்பதால் அதைத் திட்ட எனக்கு முழு உரிமை உண்டு.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு நீதிபதி. பத்து வருடத்துக்கு முன் தான் எழுதிய தீர்ப்பின் அடிக்குறிப்பை ஒரு நாள் ஆசையாகத் தட்டிப் பார்த்திருக்கிறார். பத்திரிகைச் செய்தி வரவேண்டிய இடத்தில் ஒரு ரம்மி விளம்பரம் வந்து, "வாங்க சார், முதல் ஆட்டம் இலவசம்" என்று கூப்பிட்டிருக்கிறது. கைவிடப்பட்ட இணைய முகவரிகளைச் சூதாட்டக்காரர்கள் வாங்கிப்போடுவது அவருக்குத் தெரியாது. கோபம் வந்துவிட்டது. கமிட்டி போட்டார்கள். பழைய செய்திகளின் லிங்க்குகளில் பத்துக்கு எட்டு எங்கும் போய்ச் சேராமல் நிற்கின்றன என்று கமிட்டி கண்டுபிடித்தது. எங்களைக் கேட்டிருந்தால் டீ செலவிலேயே சொல்லியிருப்போம்.

பிறகு சட்டம். எந்த ஆவணத்தில் எந்த லிங்க் இருந்தாலும் அதைத் தட்டினால் "பக்கம் கிடைக்கவில்லை" என்று வரக் கூடாது. அவ்வளவுதான் சாரம். என்ன வரவேண்டும் என்பதைப் பற்றிச் சட்டம் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. செய்திகளைக் காப்பாற்ற வேண்டிய காலத்தில் ஒருவரும் காப்பாற்றவில்லை. எல்லாம் போனபின் காப்பாற்றியே தீருவது என்று முடிவெடுத்து, வேலையை 'நிறைவு' என்ற கம்பெனிக்குக் கொடுத்தார்கள். முன்னாள் பத்திரிகைக்காரர்கள் சிலரைச் 'சரிபார்ப்பு அலுவலர்' என்று உட்கார வைத்தார்கள். அப்படி உட்கார்ந்தவன்தான் நான், கோமதிநாயகம். 'தென்திசை' என்ற செய்தித் தளத்தில் ஒன்பது வருடம் செய்தி ஆசிரியராக இருந்தவன். 'தென்திசை' இப்போது இல்லை. அதன் முகவரியில் முடி உதிர்வுக்கு எண்ணெய் விற்கிறார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் என் குழுத் தலைவி சௌபர்ணிகா பாடம் நடத்தினாள். வயது இருபத்தெட்டு. நல்ல பெண். யாரையும் கெடுக்க நினைக்காதவள். அதுதான் பயமாக இருந்தது.

"செத்த பக்கம்னு சொல்லாதீங்க சார். 'ஓய்வில் உள்ள பக்கம்'னுதான் நாம எழுதணும்."

"ஓய்வெடுக்கறவன் எழுந்து வருவான்மா. இது வராது."

"வர வைக்கறதுதானே சார் நம்ம வேலை? அந்தச் செய்திய அப்போ யாரு ஷேர் பண்ணாங்க, தலைப்பு என்ன, எந்த வரிய யாரு எடுத்துப் போட்டாங்க, எல்லாத்தையும் மெஷின் பொறுக்கிச் சேர்க்கும். அந்த நிருபர் வேற என்னல்லாம் எழுதியிருக்காங்களோ அதையும் படிச்சு, அவங்க நடையக் கத்துக்கும்."

"நடுவுல ஓட்டை இருந்தா?"

"எது வந்திருக்க வாய்ப்பு அதிகமோ, அத வச்சு ரொப்பும்."

"கதை விடும்னு சொல்லு."

"நம்பகம் தொண்ணூறு பர்சென்ட்டுக்கு மேல இருந்தாத்தான் சார் பச்சை டிக்."

"மிச்ச பத்துல என்ன இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதனால யாரும் கம்ப்ளெயிண்ட் பண்றதில்ல," என்று சிரித்தாள். கிண்டலுக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்கு அது நிம்மதியான விஷயமாக இருந்தது.

ஒரு நாளைக்கு நூற்று நாற்பது பக்கங்கள் என் திரைக்கு வரும். மெஷின் எழுதிய பழைய செய்திகள். படித்துவிட்டு 'ஏற்கிறேன்' என்ற பொத்தானைத் தட்ட வேண்டும். அதன்பின் அந்தப் பக்கத்துக்கு மூலச் செய்தியின் அந்தஸ்து வந்துவிடும். கோர்ட்டில் காட்டலாம், ஆராய்ச்சியில் சேர்க்கலாம். எழுதிய நிருபர் உயிரோடிருந்து, முப்பது நாளுக்குள் ஆட்சேபம் சொன்னால் மட்டும் மறுபரிசீலனை. ஆட்சேபம் சொல்பவர் மூலப் பிரதியைக் காட்ட வேண்டும். மூலப் பிரதி இருந்தால் லிங்க் ஏன் சாகப் போகிறது என்று கேட்கக் கூடாது. சட்டத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

இந்த மெஷின் எழுதும் செய்திகளைப் படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாம் மிக ஒழுங்காக இருக்கும். எல்லாக் கலவரமும் 'பதற்றமான சூழல்' ஆகும். எல்லா அமைச்சரும் 'விளக்கமளித்தார்.' நிஜமான செய்தியில் இருக்கும் அசிங்கமான, தேவையில்லாத, உண்மையான ஏதோ ஒரு விவரம் இதில் இருக்காது. விழுந்து செத்தவன் பையில் இருந்த தக்காளி இருக்காது. தக்காளி இருந்திருக்க வாய்ப்பு குறைவு என்று மெஷின் நினைக்கும். நானும் தட்டுவேன். ஏற்கிறேன், ஏற்கிறேன், ஏற்கிறேன்.

சென்ற மார்கழியில் ஒரு ஆட்சேபம் வந்தது. பெயர் ஜெசிந்தா மோத்தா, தூத்துக்குடி. 'தென்திசை'யின் நிருபர். என் கீழ் வேலை பார்த்தவள். செய்தித் தலைப்பு: 'இறால் ஆலையில் அமோனியா கசிவு.'

பதினேழு வருடத்துக்கு முந்தைய சங்கதி. தூத்துக்குடிப் பக்கம் 'வெண்ணுரை மரைன்ஸ்' என்று ஒரு கம்பெனி. இறாலை உரித்து ஐஸில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும். உரிப்பவர்கள் எல்லாம் பெண்கள், உள்ளூர் கிராமங்களிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வந்தவர்கள், ஆலைக்குள்ளேயே விடுதி. ஒரு விடியற்காலையில் குளிர்பதனக் குழாய் வெடித்து அமோனியா கசிந்தது. இரண்டு பேர் செத்தார்கள் என்றது கம்பெனி. இரண்டு பேர் என்றது போலீஸ். மெஷின் எழுதிய மறுபிறவிச் செய்தியும் இரண்டு பேர் என்றுதான் சொன்னது. நம்பகம் தொண்ணூற்றாறு.

போன் போட்டேன்.

"மூணு பேரு நாயகம் சார்," என்றாள் ஜெசிந்தா. எடுத்த எடுப்பிலேயே கத்தினாள். "நான் மூணு பேருன்னு எழுதினேன். மூணாவது பேரு பேச்சித்தாய். ஆம்புலன்ஸ்ல ரெண்டு பேரத்தான் ஏத்தினாவ. போலீஸ் வாரதுக்கு முன்னாடி ஒருத்திய மீன் வண்டில தூக்கிப் போட்டுக் கொண்டு போய்ட்டாவ. ரூம்ல கூட இருந்த ரெண்டு பிள்ளைங்க பேரோட சொல்லிச்சு. அவ்வளவையும் ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு போன்லயே அடிச்சு அனுப்பினேன். ஒங்க மெஷின் அவள முழுங்கிருச்சு."

"காப்பி இருக்கா ஜெசி?"

"லிங்க் இருக்கு சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கலெக்டரிடம் ஆதாரம் கேட்போம், போலீஸிடம் எஃப்.ஐ.ஆர். நகல் கேட்போம், கணவனை இழந்தவளிடம் கல்யாணப் பத்திரிகை கேட்போம். நாங்கள் எழுதியதற்கு மட்டும் எங்களிடம் நகல் கிடையாது. ஜெசிந்தா தன் பதினான்கு வருட உழைப்பையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள், வெறும் லிங்க்குகளாக. அழகான கையெழுத்து. சாகும் வரை வீட்டு விலாசத்தை வைத்திருந்தால் வீடு இடியாது என்று நம்புவதைப் போல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யாத முட்டாள்தனம் இது. தன் செய்தி வெளியானபின் அதை எந்த நிருபரும் படிப்பதில்லை. படித்தால் டெஸ்க்கில் இருப்பவன் எதை வெட்டினான் என்று தெரிந்து ரத்தம் கொதிக்கும். அதனால் தலைப்பைப் பார்ப்பார்கள், லிங்க்கை நாலு பேருக்கு அனுப்புவார்கள், அடுத்த செய்திக்கு ஓடுவார்கள்.

"இப்ப எதுக்கு இவ்வளவு அவசரம்?" என்று கேட்டேன்.

"விபத்துச் சாவுகள மறுபடி விசாரிக்க ஒரு ஆணையம் போட்டிருக்காவல்லா, அது தூத்துக்குடிக்கு வந்திருக்கு. பத்து நாள்ல முடிச்சிட்டுப் போயிரும். பேச்சித்தாயோட தங்கச்சி மனு போட்டிருக்கா. அன்னிக்குப் பாத்த பிள்ளைங்க இப்ப எங்க இருக்கோ. ஊர் பேரு கூட என் செய்தில மட்டுந்தான் இருந்திச்சு. நீங்க வந்து அவகிட்டப் பேசுங்க. வந்தாத்தான் புரியும்."

போவதற்கு முன் சௌபர்ணிகாவிடம் ஒரு சத்தம் போட்டேன். மெஷின் ஒரு பெண்ணையே விழுங்கிவிட்டது என்றேன். அவள் பொறுமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"மத்த தளங்கள் எல்லாத்துலயும் ரெண்டுன்னு இருக்கு. சட்டசபைப் பதில்ல ரெண்டு. பேச்சித்தாய்ங்கற பேரு ஒரே ஒரு வாசகர் கமெண்ட்ல மட்டும்தான் வருது. ஒரு கமெண்ட்ட வச்சு மெஷின் ஆள சாகடிக்க முடியுமா சார்?"

"முடியாது. ஆனா சாகலன்னு எழுத முடியுது, பார்."

அவளுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு உள்ளூர ஒரு குரூர சந்தோஷம். மூன்று வருடமாக இந்த மெஷினைக் கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருந்தேன். இதோ பிடித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தோடுதான் தூத்துக்குடிக்கு ரயில் ஏறினேன்.

ஜெசிந்தா இப்போது ஒரு கல்லூரி விடுதியில் வார்டன். பத்திரிகைத் தொழில் அவளை விட்டதா, அவள் அதை விட்டாளா என்று நான் கேட்கவில்லை. விடுதியின் பார்வையாளர் அறையில் பேச்சித்தாயின் தங்கை சண்முகக்கனி காத்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தையல் யூனிட்டில் வேலை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"உக்காருங்கம்மா. உங்களுக்கு ஆணையம் என்ன செய்யணும்?"

"எங்க அக்கா செத்துட்டான்னு ஒரு தாள் வேணும் சார்."

"நஷ்டஈடு..."

"அது கெடக்கு. போலீஸ்ல என்ன எழுதியிருக்காவன்னு தெரியுமா? காணவில்லை, காதல் விவகாரம். ஒரு லாரி டிரைவர் கூடப் போய்ட்டாளாம். பதினேழு வருசமா ஊர்ல அவளுக்கு ஓடுகாலின்னு பேரு. எங்கப்பாவ ஓடுகாலி அப்பன்னு கூப்பிட்டாவ. நான் ஓடுகாலி தங்கச்சி. செத்தவளுக்கு ஒரு திதி குடுக்க முடியல. ஐயர் கேக்காரு, எந்த நாள்ல செத்தாம்மான்னு. என்ன சொல்லட்டும்?"

நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"பேப்பர்ல பேரு வந்திச்சு சார். எங்க கண்ணால பாத்தோம்," என்றாள் சண்முகக்கனி. இணையத்தில் வந்ததையும் அவள் பேப்பர் என்றுதான் சொன்னாள். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

மூலப் பிரதி எங்கே இருக்கும் என்று நாங்கள் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். 'தென்திசை' முதலாளியைத் தேடிப் பிடித்தேன். இப்போது கொடைக்கானலில் ரிசார்ட் நடத்துகிறார். "சர்வரா? அத அப்பவே ரினியூ பண்ண விட்டுப்போச்சேப்பா," என்று, பால் பாக்கெட் வாங்க மறந்ததைப் போலச் சொன்னார். பன்னிரண்டு பேரின் ஒன்பது வருட வேலை. வாசகர்கள் யாராவது சேமித்திருப்பார்களா என்று விசாரித்தோம். வாசகர்கள் லிங்க் சேமித்திருந்தார்கள்.

நான்காம் நாள் காலையில் ஜெசிந்தா திடீரென்று காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சார், அவனுவ நம்ம மேல மானநஷ்ட கேஸ் போட்டானுவல்லா?"

போட்டார்கள். வெண்ணுரை மரைன்ஸ் எங்கள் மேல் வழக்குப் போட்டது. தளம் மூடப்பட்டதும் அதைக் கவனிக்க இரு தரப்பிலும் ஆளில்லாமல் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. ஆனால் கேஸ் போடுகிறவன் எந்தச் செய்தியால் மானம் போனதோ அதை அச்செடுத்து இணைக்க வேண்டும். அந்தக் கட்டு கோர்ட் ஆவண அறையில் இருக்கும், இன்னும் எரிக்கவில்லை என்றால்.

எரிக்கவில்லை. நகல் கேட்டு மனுப் போட்டு, ஆவண அறையில் இரண்டு நாள் நின்றோம். அழிக்க வேண்டிய கட்டுகளின் வரிசையில் எங்களுடையதும் இருந்தது. அடுத்த மாதம் முறை. சிவப்பு நாடாவை அவிழ்த்தோம். 'தென்திசை'யின் செய்திகள் முப்பத்தொன்று, முழுசாக, படங்களோடு, விளம்பரங்களோடு, வாசகர் கமெண்ட்களோடு. ஒவ்வொரு தாளின் மேலே தேதி, நேரம். கீழே லிங்க். ஒவ்வொன்றிலும் வக்கீல் கையெழுத்து, 'உண்மை நகல்' முத்திரை. எங்களை வாசகர்கள் காப்பாற்றவில்லை. முதலாளி காப்பாற்றவில்லை. நாங்களும் எங்களைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. எங்களை ஒழித்துக்கட்ட நினைத்தவன்தான் ஒரு வரி விடாமல் பத்திரப்படுத்தியிருந்தான். தமிழ் இணையப் பத்திரிகை வரலாறு எழுத யாருக்காவது ஆசை இருந்தால் அவதூறு வழக்குகளின் கட்டுகளில் தேடட்டும்.

"இதோ!" என்று ஜெசிந்தா கத்தினாள். இணைப்பு ஒன்று. முற்பகல் 11.05 மணி அச்சு. 'இறால் ஆலையில் அமோனியா கசிவு: மூன்று பெண்கள் பலி.' பேச்சித்தாயின் பெயர், ஊர், வயது இருபத்திரண்டு. மீன் வண்டி. பார்த்த இரண்டு பெண்களின் பெயர்கள், அவர்களுடைய ஊர். எல்லாம் இருந்தது. அவள் தாளை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகில் தட்டிக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டினேன்.

இணைப்பு இரண்டு. அதே செய்தி, அதே லிங்க். மாலை 5.10 மணி அச்சு. தலைப்பில் 'இரண்டு பெண்கள் பலி.' பேச்சித்தாய் இல்லை. மீன் வண்டி இல்லை. பார்த்தவர்களும் இல்லை.

அதற்கு அடுத்தது வக்கீல் நோட்டீஸ். ஏழாவது பத்தி இப்படி இருந்தது: 'மூன்றாவது பெண் ஒருவர் இறந்ததாக வெளியிட்ட பொய்த் தகவலை எமது கட்சிக்காரர் தொலைபேசியில் சுட்டிக்காட்டியதும், தங்கள் செய்தி ஆசிரியர் திரு. கோமதிநாயகம் அவர்கள் அன்று மாலை 4.20 மணிக்கு அதை நீக்கி ஒத்துழைத்ததை எமது கட்சிக்காரர் நன்றியுடன் நினைவுகூர்கிறார். எஞ்சிய பொய்களையும் அவ்வாறே நீக்கும்படி...'

நன்றியுடன். பதினேழு வருடத்தில் எனக்கு எழுத்தில் கிடைத்த ஒரே நன்றி.

எனக்கு அது நினைவில் இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? ஒரு நாளைக்கு அறுபது செய்தி வெட்டுகிறவனுக்கு எந்த வெட்டும் நினைவில் நிற்பதில்லை. அந்தத் தாளைப் பார்த்தபின்தான் ஒவ்வொன்றாக வந்தது. மிக மரியாதையான ஒரு இங்கிலீஷ் குரல், தமிழில் சொன்னால் இப்படி: "சார், அந்தப் பொண்ணு லாரி டிரைவரோட போயிருச்சு. அவங்க அப்பாவே ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்காரு. உயிரோட இருக்கிற பொண்ணை நீங்க சாகடிச்சிட்டீங்கன்னா நாளைக்கு உங்களுக்குத்தான் சார் அசிங்கம்." நான் ஸ்டேஷனுக்குப் போன் செய்யவில்லை. ஜெசிந்தாவைக் கேட்கவில்லை. கேட்டால் சண்டை போடுவாள். டெஸ்க்கில் அது வழக்கமும் இல்லை, வெட்டுகிறவன் நிருபரிடம் சொல்லிவிட்டு வெட்டுவதில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண் ஓடிப்போயிருக்க வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு என்ன நம்பகம் இருந்தது, தொண்ணூற்றாறா? வெட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஜெசிந்தா ஏழாவது பத்தியைப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல சார்," என்றாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை.

அன்று பகல் நான் சௌபர்ணிகாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்போ கடைசியா வெளியான செய்தில ரெண்டு பேருதானே சார்? மெஷின் போட்டது கரெக்ட்தானே?"

"கரெக்ட்தான்மா. ஓட்டைய ரொப்பற வேலைய நான் மெஷின் வர்றதுக்கு முன்னாடியே பண்ணி வச்சிருக்கேன். அது என்கிட்டதான் கத்துக்கிட்டிருக்கு."

"நீங்க சாட்சி சொன்னா சரிபார்ப்பு அலுவலரா இருக்க முடியாது சார். விதி இருக்கு."

"தெரியும்."

"முதல் இணைப்ப மட்டும் குடுத்தா?" என்றாள் மெல்ல. நான் ஏற்கனவே இரண்டு மணி நேரமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதால் எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. காலை அச்சை மட்டும் கொடுக்கலாம். ஆனால் எதிர்த்தரப்பு மாலை அச்சைக் கொண்டுவரும். பொய் என்று தெரிந்ததால் பத்திரிகையே நீக்கிவிட்டது என்று சொல்லும். ஏன் நீக்கப்பட்டது என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருக்கிறான். அவனுக்குச் சொல்ல விருப்பமே இல்லை.

ஆணையத்தின் கடைசி நாளுக்கு முந்தைய நாள் கூண்டில் ஏறினேன். கூண்டு என்றால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தலைவராக ஓய்வுபெற்ற நீதிபதி ஒரு அம்மாள். கம்பெனியின் வக்கீல் எழுந்தார்.

"பொய்ச் செய்தி என்று தெரிந்ததால்தானே நீக்கினீர்கள்?"

"இல்லை. பொய்யா, நிஜமா என்று நான் பார்க்கவே இல்லை."

"அனுபவமுள்ள செய்தி ஆசிரியர், பார்க்காமலா நீக்கினீர்கள்?"

"உங்கள் ஆள் போன் செய்தார். மரியாதையாகப் பேசினார். நிருபர் பெண் இரண்டு சாட்சிகளின் பெயரோடு எழுதியிருந்தாள். நான் அவளை நம்பாமல் அவரை நம்பினேன். அவர் இங்கிலீஷில் பேசினார், அது ஒரு காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை."

அறையில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை.

"அவர் சொன்னது பொய் என்பதற்கு என்ன ஆதாரம்?"

"பேச்சித்தாயின் அப்பா மகள் ஓடிப்போனதாக எழுதிக் கொடுத்த மனு இருக்கிறது என்றார். பதினேழு வருடமாகப் போலீஸ் கட்டில் அப்படி ஒரு மனுவே இல்லை என்று ஆணையமே நேற்றுப் பதிவு செய்திருக்கிறது."

நீதிபதி அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, செய்தியில் பெயர் சொல்லப்பட்ட இரண்டு பெண்களையும் அவர்கள் ஊரில் தேடி அழைத்துவர உத்தரவிட்டார். ஆணையத்தின் காலம் ஒரு மாதம் நீட்டிக்கப்படும் என்றார். டைப்பிஸ்டிடம் மெதுவாகச் சொன்னார்: "இறந்ததாகக் கருதப்படுவோர் பட்டியல். எண் மூன்று. பேச்சித்தாய், வயது இருபத்திரண்டு. எழுதியாச்சா?"

வெளியே வேப்பமரத்தடியில் சண்முகக்கனி நின்றிருந்தாள். ஜெசிந்தா என்னோடு வரவில்லை. தள்ளி நின்று யாருடனோ போனில் பேசுவதைப் போல நின்றுகொண்டிருந்தாள். நான் சண்முகக்கனியிடம் போய், மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"காலையில இருந்த பேரு சாயங்காலம் இல்லங்கறது எனக்குத் தெரியும் சார். அன்னிக்கே பாத்தோம். அத மட்டும் சொல்லிராத, கேஸ் நிக்காதுன்னு எங்க வக்கீல் சொல்லிட்டாரு. எடுத்தது யாருன்னுதான் தெரியாது."

"நான்தாம்மா."

"ம்."

சண்டைக்கு இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்பவளைப் போலக் கேட்டாள்.

"லாரி டிரைவர் கூடப் போனான்னு சொன்னத நீங்க நெசமாவே நம்பினியளா?"

"நம்பினேன்."

"எங்கம்மாவும் நம்பினா. காலையில பேரப் பாத்துட்டுத் தெருவுல புரண்டு அழுதா. சாயங்காலம் நான்தான் போன்ல காட்டினேன், அம்மா பேர எடுத்துட்டாவ, இங்க பாருன்னு. அப்படியே எந்திரிச்சு உக்காந்துட்டா. பேப்பர்காரங்க விசாரிக்காம எடுப்பாவளா, எம்புள்ள உசுரோட இருக்கா, எவன்கூடவோ நல்லாருக்கான்னா. ஊரு ஓடுகாலின்னு சொல்லச் சொல்ல அவளுக்குச் சந்தோசம். ஓடினவ ஒருநாள் வருவால்லா? தீவாளிக்குத் தீவாளி அவளுக்கு ஒரு சேலை எடுத்து வைப்பா. சாகுற வரைக்கும் எடுத்தா. பதினொரு சேலை."

எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது. மெஷினை மூன்று வருடம் எவ்வளவு எகத்தாளம் பேசியிருக்கிறேன். சண்முகக்கனி முந்தானையை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். அரக்கு நிறத்தில் நல்ல சேலை. கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையாமல் கோடு கோடாகத் தெரிந்தது.

"இன்னிக்குத்தான் ஒண்ணப் பிரிச்சேன்," என்றாள்.